எத்தனாம் நம்பர் கூண்டு?

ஐப்பசி பிறந்து வங்கக் கடல் கறுக்கத் தொடங்கினால் காசிமேட்டிலும் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும், துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பற்றி ஒரே கேள்விதான். "எத்தினியாம் நம்பர் கூண்டு ஏத்திக்கிறாங்க?" ஐந்து என்றால் ஒரு பயம், ஆறு என்றால் இன்னும் கொஞ்சம் பயம். நம்பர் ஏற ஏறப் புயலின் பலமும் ஏறுகிறது என்றுதான் பெரும்பாலானவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் வடசென்னைக் கரைக்கு வேண்டிய செய்தி இருக்கிறது.

கூண்டு வருவதற்கு முன்பு சென்னைக்கு இருந்த புயல் முன்னறிவிப்பு நாள்காட்டிதான். அன்று இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். மசூலாப் படகுகளும் கட்டுமரங்களும் அலையைக் கடந்து சரக்கையும் ஆட்களையும் கரை சேர்க்கும். அக்டோபர் 15 வந்தால் புனித ஜார்ஜ் கோட்டையின் கொடிமரத்தை இறக்கிவிடுவார்கள். டிசம்பர் 15 வரை இந்தக் கரையோரம் நிற்காதே என்று கப்பல்களுக்குச் சொல்லும் அறிவிப்பு அது. புயல் எந்த நாளில் வரும் என்று யாருக்கும் தெரியாது, எந்த மாதங்களில் வரும் என்பது தெரியும்.

அந்த அனுபவம் பெரிய விலை கொடுத்துப் பெற்றது. 1746 செப்டம்பரில் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பல் படை, அடுத்த மாதமே இதே கடலில் புயலில் சிக்கிச் சிதறியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதேசமயம் நாள்காட்டியை மட்டும் நம்பவும் முடியவில்லை. 1872-இல் புயல் மே 2 அன்று, கோடையில் வந்தது. நங்கூரமிட்டிருந்த கப்பல்கள் பல கரையில் மோதி உடைந்தன.

இதற்குள் உலகின் வேறொரு மூலையில் தந்திக் கம்பி புதிய வழியைத் திறந்திருந்தது. பிரிட்டனில் ராபர்ட் ஃபிட்ஸ்ராய் 1861-இல் துறைமுகங்களுக்குத் தந்தி மூலம் புயல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். தந்தி கிடைத்ததும் கரையில் கம்பத்தின் உச்சியில் கூம்பும் உருளையும் ஏற்றுவார்கள். எழுத்து எட்டாத தூரத்திலும் வடிவம் தெரியும். நம் கூண்டின் மூதாதை இதுதான். 1864 அக்டோபரில் கல்கத்தாவைப் புயல் சூறையாடியபின், 1865-இல் அந்தத் துறைமுகத்துக்கு எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-இல் பிறந்தது. 1886-க்குள் நாட்டின் எல்லாத் துறைமுகங்களுக்கும் எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது.

சென்னையில் துறைமுகச் சுவர்கள் எழும்பியதும் அதே காலத்தில்தான். 1875-இல் அடிக்கல் நாட்டினார்கள். கட்டி முடிக்கும் தறுவாயில், 1881 நவம்பர் 12 அன்று வந்த புயல் அந்தச் சுவர்களையே உடைத்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள்.

இனி அந்த நம்பர்களுக்கு வருவோம். 1, 2 என்றால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமோ புயலோ தொலைவில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே கெட்ட வானிலை வரக்கூடும். 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம். 11 ஏறினால், வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். பகலில் கூம்பும் உருளையும் பேசும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள் பேசும்.

ஐந்துக்கும் ஆறுக்கும் வித்தியாசம் பலத்தில் இல்லை, பக்கத்தில் இருக்கிறது. புயல் போகும் தடத்துக்கு இடப்பக்கம் துறைமுகம் இருந்தால் 5. வலப்பக்கம் இருந்தால் 6. தலைக்கு மேலேயோ மிக அருகிலோ கடந்தால் 7. கடும் புயலுக்கு இதே வரிசைதான் 8, 9, 10 என்று வரும்.

மேற்கு நோக்கி வரும் புயல் சென்னைக்கு வடக்கே கரை கடந்தால் நாம் அதன் இடப்பக்கம் இருப்போம். அப்போது காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். 2023-இல் மிக்ஜாம் அப்படித்தான் சென்னையைத் தாண்டி வடக்கே போய், டிசம்பர் 5 அன்று பாபட்லா அருகே கரை ஏறியது. இங்கே மழைதான் வதைத்தது. எண்ணூர்க் கழிமுகத்தில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் பரவியது. புயல் தெற்கே கடந்தால் நாம் வலப்பக்கம். அப்போது வாடையும் கொண்டலுமாகக் கடலிலிருந்து காற்று வீசி, தண்ணீரைக் கரைமேல் தள்ளும். வாடை வடக்கு, கொண்டல் கிழக்கு என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்துக் கடலைப் படித்த மக்களுக்கு இது புரியாத கணக்கல்ல. யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வடசென்னைக்கு இந்தப் பக்கக் கணக்கு மற்ற இடங்களைவிட முக்கியம். கடலோர மணல் இங்கே பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கரை தேய்ந்தது. கப்பல்களைக் காக்கக் கட்டிய சுவர் குப்பங்களைக் கடலுக்கு அருகே கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

இன்று வானத்தைப் பார்க்கும் கண்ணும் இங்கேதான் இருக்கிறது. நாட்டின் முதல் டாப்ளர் வானிலை ரேடார்களில் ஒன்று, ராஜாஜி சாலையில் உள்ள துறைமுக நூற்றாண்டுக் கட்டடத்தின் உச்சியில் 2002-இல் நிறுவப்பட்டது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையிலேயே கரை கடந்தபோது, அதன் வருகை முன்கூட்டியே தெரிந்திருந்தது. படகுகள் கரையில் இருந்தன. அறிவிப்பு ஆட்களை எட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதை அடுத்த ஆண்டே ஒக்கி புயல் காட்டியது. அது வந்தபோது குமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்கள் ஏற்கெனவே நடுக்கடலில் இருந்தார்கள். பலர் திரும்பவே இல்லை.

கூண்டின் நம்பரோடு அறிவிப்பு முடிந்துவிடக் கூடாது. புயல் நமக்கு எந்தப் பக்கம் போகிறது, காற்று எங்கிருந்து வரும், எந்தக் குப்பத்தில் கடல் ஏறக்கூடும் என்பதையும் அதோடு சேர்த்து, மீனவர் தெருவின் தமிழில் சொல்ல வேண்டும். வரும் ஐப்பசியிலிருந்தே துறைமுகமும் வானிலை மையமும் இதைத் தொடங்கட்டும்.