ஹெப்படைட்டிஸ் சி: மருந்து இருக்கு, காசும் வேண்டாம். அப்புறம் ஏன் பலர் குணமாகல?

மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டால் 100 பேரில் 95 பேருக்கு மேல் முழுசா குணமாகும் ஒரு நோய். மலேசிய அரசாங்க மருத்துவமனைகளில் 2018ஆம் ஆண்டிலிருந்து அதற்கு இலவசச் சிகிச்சையும் உண்டு.

அப்படின்னா எல்லாரும் போய் வாங்கியிருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? நடந்தது வேறு.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் சுமார் 50 மில்லியன் பேர் ஹெப்படைட்டிஸ் சி கிருமியோடு வாழ்ந்தார்கள். தங்களுக்கு நோய் இருப்பதை அறிந்தவர்கள் 36 விழுக்காட்டினர். குணப்படுத்தும் மருந்தைப் பெற்றவர்கள் 20 விழுக்காட்டினர் மட்டுமே.

முதல்ல, இது என்ன நோய்?

கல்லீரலைத் தாக்கும் கிருமி இது. ரத்தத்தின் வழியே பரவுகிறது. ஊசியைப் பகிர்ந்துகொள்வது, சரியாகச் சுத்தம் செய்யாத டாட்டூ ஊசி, முன்பு பரிசோதிக்காமல் ஏற்றப்பட்ட ரத்தம் ஆகியவை முக்கியக் காரணங்கள். கட்டிப்பிடிப்பதாலோ ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ பரவாது. தடுப்பூசி இல்லை.

சிக்கல் என்னன்னா, பல வருஷம் எந்த அறிகுறியும் தெரியாது. நோய் நீடிப்பவர்களில் 15 முதல் 30 விழுக்காட்டினருக்கு 20 ஆண்டுகளுக்குள் கல்லீரல் சுருங்கி இறுகும் அபாயம் உண்டு. அதன் பிறகு புற்றுநோய்கூட வரலாம்.

மருந்தின் விலை எப்படிக் குறைந்தது?

சொஃபோஸ்புவிர் என்ற மாத்திரை 2013ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது, 12 வாரச் சிகிச்சையின் விலை 84,000 அமெரிக்க டாலர்.

மலேசியா 2017 செப்டம்பரில் ஒரு துணிச்சலான முடிவெடுத்தது. காப்புரிமை இருந்தாலும், அரசாங்க மருத்துவமனைகளின் தேவைக்கு மலிவான பொதுப்பெயர் மருந்தை வாங்கலாம் என்று அனுமதி வழங்கியது. அப்போது சுகாதார அமைச்சராக இருந்தவர் டாக்டர் எஸ்.சுப்பிரமணியம்.

அதோடு நிற்கவில்லை. எகிப்து நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து ராவிடாஸ்விர் என்ற புதிய மருந்தும் உருவானது. சொஃபோஸ்புவிரோடு சேர்த்து மலேசியாவிலும் தாய்லாந்திலும் சுமார் 300 பேரிடம் அதைச் சோதித்தபோது 97 விழுக்காட்டினர் குணமடைந்தார்கள். 2021 ஜூனில் மலேசியா அந்த மருந்துக்கு அனுமதி அளித்தது.

சரி, அப்போ எங்கே வழுக்குது?

பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் இடையே பல படிகள் இருக்கின்றன.

விரல் நுனியில் குத்திச் செய்யும் முதல் சோதனை, கிருமி எப்போதாவது உடலுக்குள் வந்ததா என்று மட்டும் சொல்லும். சுமார் 10 பேரில் 3 பேருக்கு அது தானாகவே போய்விடும். ஆகவே, கிருமி இப்போதும் இருக்கிறதா என்று பார்க்க இரண்டாவது சோதனை வேண்டும். பிறகு கல்லீரல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கப்புறம்தான் மருந்து. ஒவ்வொரு படிக்கும் இன்னொரு அப்பாய்ண்ட்மெண்ட், இன்னொரு நாள் லீவு, இன்னொரு பஸ் செலவு.

2018 டிசம்பர் முதல் 2019 அக்டோபர் வரை மலேசியாவின் 25 அரசாங்க கிளினிக்குகளில் நடந்த ஆய்வைப் பாருங்கள்:

• விரல் சோதனை செய்துகொண்டவர்கள்: 15,366
• அதில் "பாசிட்டிவ்" வந்தவர்கள்: 2,020
• இரண்டாவது சோதனைக்கு வந்தவர்கள்: 1,481
• கிருமி உறுதியானவர்கள்: 1,241
• கல்லீரல் சோதனை முடித்தவர்கள்: 991
• மருந்தைத் தொடங்கியவர்கள்: 632

நோய் உறுதியானவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் மருந்துவரைக்கும் வரவே இல்லை. விலை மட்டும்தான் தடை என்றால் இது நடந்திருக்காது.

அதே ஆய்வு வழியையும் காட்டியது. கிளினிக்கிலேயே சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்களில் 71 விழுக்காட்டினர் மருந்தைத் தொடங்கினார்கள். மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்களில் 49 விழுக்காட்டினரே தொடங்கினார்கள்.

என்ன செய்தால் மாறும்?

படிகளைக் குறைக்க வேண்டும். முதல் சோதனையில் பாசிட்டிவ் வந்தால், அன்றே எடுத்த ரத்தத்தில் இரண்டாவது சோதனையையும் செய்துவிடலாம். நோயாளி மறுபடி வரத் தேவையில்லை.

நிபுணர்களுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். பயிற்சி பெற்ற கிளினிக் மருத்துவர்களும் தாதியரும் சிகிச்சை தரலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டு பரிந்துரைத்தது.

மூன்றாவது, ஆபத்து அதிகம் உள்ளவர்களைத் தேடிப் போவது. மெத்தடோன் வாங்க கிளினிக்குக்கு வருபவருக்கு அங்கேயே சோதனையும் மாத்திரையும் கிடைத்தால், பாதி வேலை முடிந்த மாதிரி. "போதைப்பித்தன்" என்ற பார்வையோடு அவரை நடத்தினால் அடுத்த முறை வரமாட்டார்.

நீங்கள் என்ன செய்யலாம்?

வீட்டில் யாருக்காவது 1990களின் நடுப்பகுதிக்கு முன்பு ரத்தம் ஏற்றினார்களா? கேட்டுப் பாருங்க. நீங்களோ நண்பரோ சுத்தம் பற்றித் தெரியாத இடத்தில் டாட்டூ போட்டிருந்தாலும், எப்போதாவது ஊசியைப் பகிர்ந்திருந்தாலும், ஒரு முறை சோதித்துக்கொள்வது நல்லது.

முதல் சோதனை பாசிட்டிவ் என்றால் பயந்து நின்றுவிடாதீர்கள். "கிருமி இப்போ இருக்கா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். குணமான பிறகும் முதல் சோதனை பாசிட்டிவ் என்றே காட்டும். அது நோய் திரும்பியதாக அர்த்தமல்ல. ஆனால் குணமானவருக்கு மறுபடியும் தொற்றலாம், அதனால் கவனம் தேவை.

தெரிந்தவர் யாராவது அந்த இரண்டாவது அப்பாய்ண்ட்மெண்டைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால், துணைக்கு நீங்களும் போங்கள். பலர் நின்றுவிடும் இடம் அதுதான்.