பாஸ்டன் அடுப்பும் பராகுவே இலையும்

1906ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஃபேனி ஃபார்மர் என்னும் சமையற்கலை ஆசிரியை தம்முடைய பெரிய சமையல் நூலைத் திருத்தி மறுபடியும் வெளியிட்டபோது, அதில் பிரவுனி என்ற சாக்லேட் பண்டத்துக்கு அவர் குறித்த அளவுகளைச் சற்று நிதானித்துப் பார்த்தால், மாவு அரைக் கிண்ணம், சர்க்கரை முழுக் கிண்ணம் என்றிருப்பது புலப்படும். வெண்ணெய் கால் கிண்ணம், முட்டை ஒன்று, உருக்கிய கசப்புச் சாக்லேட் இரண்டு கட்டி, உடைத்த அக்ரூட் பருப்பு அரைக் கிண்ணம் என்று மற்றவை பின்தொடர்கின்றன. ஆனால் அத்தனைக்கும் ஆதாரமாக நிற்பது, மாவைப்போல் இரு மடங்கு விழுகிற அந்தச் சர்க்கரைதான். மாவுக்குப் பதில் வாதுமைப் பொடியும், சர்க்கரைக்குப் பதில் ஏதோ ஓர் இலையின் சாரமும் சேர்த்து இக்காலத்தில் பல வீடுகளில் சுடப்படுகிற மாவுச்சத்துக் குறைந்த பிரவுனியை, உடல் இளைக்க விரும்புவோர் நேற்றுக் கண்டுபிடித்த நாகரிகம் என்று நினைப்பவர்கள் பலர். அது நோயாளிகளின் படுக்கையருகே பிறந்த பண்டம் என்பதும், அதன் ஒவ்வோர் உறுப்பும் வெவ்வேறு தேசத்தில் வெவ்வேறு காரணத்துக்காகத் தோன்றி, ஒன்றுசேர ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று என்பதும் சரித்திரத்தைப் புரட்டினால்தான் தெரியவரும்.

ஃபார்மர் அம்மையாரிடமிருந்தே தொடங்குவது பொருத்தம். 1857இல் பிறந்த அவருக்குப் பதினாறாம் வயதில் பக்கவாதம் கண்டு, படிப்பு நின்றுபோய், நெடுநாள் நடமாட முடியாதிருந்தது. முப்பது வயதுக்குமேல் சமையற் பள்ளியில் மாணவியாகச் சேர்ந்து, சில ஆண்டுகளில் அப்பள்ளிக்கே தலைவியானார். 1896இல் அவருடைய நூலின் முதற்பதிப்பை ஏற்கத் தயங்கிய பிரசுரகர்த்தர்கள், அவர் செலவிலேயே 3,000 பிரதிகள் அச்சிட்டார்கள் என்பதும், ஒரு பிடி, ஒரு சிட்டிகை என்ற பழைய கைக்கணக்கை ஒழித்துத் தலைதட்டிய கிண்ணம், தலைதட்டிய கரண்டி என்னும் அளவு முறையை அமெரிக்கக் குடும்பங்களில் நிலைநாட்டியது அந்நூலே என்பதும் பிரசித்தம். அந்த முதற்பதிப்பிலும் பிரவுனி என்ற பெயர் உண்டு. ஆனால் அதில் சாக்லேட் இல்லை, வெல்லப்பாகு போன்ற கரும்புப்பாகு சேர்த்த சிறு கேக்குகளே அவை. சாக்லேட் பிரவுனி 1893ஆம் வருஷத்துச் சிகாகோ பொருட்காட்சிக்காகப் பாமர் ஹவுஸ் விடுதியில் பிறந்ததென்று அவ்விடுதியார் சொல்லிக்கொள்வார்கள். மாதர் சங்கங்களின் சமையற் குறிப்புகளிலும் 1906க்குச் சற்று முன்பே அது தலைகாட்டியிருக்கிறது. எனினும் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்த புகழ் பாஸ்டன் நூலுக்கே உரியது.

நாம் கவனிக்கவேண்டிய விசேஷம் வேறொன்று. இந்தச் சர்க்கரைப் பண்டத்தை அச்சேற்றுவதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன், 1904இல், அதே அம்மையார் நோயாளிகளுக்கும் தேறிவருவோருக்குமான சமையலைப் பற்றி ஒரு தனி நூல் எழுதினார்; அதில் நீரிழிவுக்காரர்களின் உணவுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. நோயாளியின் ஆகாரத்தைப் பற்றி அவர் ஹார்வர்ட் வைத்தியக் கல்லூரியிலும் பிரசங்கம் செய்தார். பிற்காலத்தில் நீரிழிவுச் சிகிச்சையில் உலகப் பிரசித்தி பெற்ற எலியட் ஜாஸ்லின், அந்நோயைப் பற்றித் தாம் எழுதத் தொடங்கியதற்கு இந்த அம்மையாரின் தூண்டுதலே காரணம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே பிரவுனியும் நீரிழிவுப் பத்தியமும் ஒரே மேஜையில், ஒரே பேனாவினால், ஏறக்குறைய ஒரே காலத்தில் எழுதப்பட்டன. ஆனாலும் ஒன்றையொன்று தொடவில்லை. தொடுவதற்கு வேண்டிய சாமான்கள் அப்பொழுது பாஸ்டனில் இல்லை.

மாவைப் பற்றிய பாதி மட்டும் அதற்குள் தீர்ந்திருந்தது. 1797இல் ஜான் ராலோ என்ற பிரிட்டிஷ் படை வைத்தியர், மெரிடித் என்னும் பருத்த படை அதிகாரி ஒருவரை மாமிசமும் கொழுப்புமாகவே உண்ணவைத்து, அவருடைய சிறுநீரில் இனிப்பு மறைந்ததைக் கண்டு எழுதியது முதல், மாவுச்சத்தை விலக்குவதே நீரிழிவுக்கு மருந்து என்ற கொள்கை ஐரோப்பாவில் வேரூன்றியது. ரொட்டியையே உயிராக மதிக்கும் ஜனங்களிடம் ரொட்டியை விடச் சொல்வது சாமானிய காரியமா? பாரிஸில் அப்பொல்லினேர் பூஷார்தா என்ற வைத்தியர், பிசைந்த கோதுமை மாவைத் தண்ணீரில் அலசி அலசி மாவுச்சத்தைப் போக்கி, எஞ்சிய பசையைக்கொண்டு 1841இல் ஒருவகை ரொட்டி செய்வித்தார். 1870இல் பிரஷ்யப் படைகள் பாரிஸை முற்றுகையிட்டு ஊர் பசியில் வாடியபோது, தம்முடைய நோயாளிகளின் நீரில் சர்க்கரை குறைந்ததையும் அவர் கவனித்துக் குறித்தார். நகரமே அழுதுகொண்டிருந்த நாட்களில் ஒரு வைத்தியர் இதைக் கவனித்தார் என்பது ஆச்சரியந்தான். ஆயினும் அவருடைய பசை ரொட்டி வறண்டு, சவைக்கக் கடினமாயிருந்தது. அதைப் பார்த்து வியாபாரிகள் விற்ற மாவுகளோ இன்னும் மோசம்: 1913இல் அமெரிக்காவின் கனெக்டிகட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தார் நீரிழிவு உணவுகள் என்று விலைக்கு வந்தவற்றைச் சோதித்தபோது, அவற்றுள் பலவற்றில் மாவுச்சத்து மலிந்திருக்கக் கண்டார்கள்.

லண்டனில் கைஸ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த ஃபிரெடெரிக் பேவி கண்ட உபாயம் இதனினும் நேர்த்தியானது. இன்றைய பிரவுனிக்கு உண்மையான பாட்டன் என்று அவரைத்தான் நான் சொல்வேன். வாதுமைப் பருப்பில் பாதிக்கு மேல் எண்ணெய், ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் புரதம், மாவுச்சத்தோ அநேகமாக இல்லை. இருக்கிற சிறிதளவு சர்க்கரையையும் விடக்கூடாதென்று, அரைத்த வாதுமையைச் சற்றே அமிலம் சேர்த்த கொதிநீரில் இட்டு அச்சர்க்கரையைக் களைந்து, பிறகு முட்டை சேர்த்துப் பிஸ்கட்டாகச் சுடும்படி அவர் ஏற்பாடு செய்தார். எண்ணெய்ச் செழிப்பினால் அது சீக்கிரம் திகட்டும். ஏழைகளுக்கு விலை எட்டாது. ஆனால் பசை ரொட்டிக்கு இல்லாத மிருதுவும் மணமும் அதற்கு உண்டு. இப்போது வாதுமைப் பொடியை வாங்கி அப்படியே பாத்திரத்தில் கொட்டுகிற நமக்கு, அதைக் கழுவிச் சர்க்கரை நீக்கிய அந்தக் காலத்துப் பக்தி சிறிது அதிகமாகவே தோன்றும். இன்சுலின் இல்லாத காலம் அது.

இனிப்பின் கதை வேறு. 1879இல் பால்டிமோரில் ஐரா ரெம்சனின் ஆராய்ச்சிச் சாலையில் கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க் தற்செயலாகக் கண்ட சாக்கரின், நீரிழிவுக்காரர்களின் காபியையும் தேநீரையும் காப்பாற்றியது. ஆனால் கேக்கைக் காப்பாற்ற அதனால் இயலவில்லை. காரணம் ருசியில் மட்டும் இல்லை. பிரவுனியில் விழுகிற சர்க்கரை முட்டையின் ஈரத்தில் கரைந்து, அந்த ஈரத்தை அடுப்பின் சூட்டிலும் விடாமல் பிடித்துக்கொள்கிறது. முட்டையும் மாவும் அவசரப்பட்டு இறுகிவிடாமல் தாமதிக்கச் செய்கிறது. மேற்பரப்பில் உலர்ந்து, விரல் பட்டால் நொறுங்கும் பளபளப்பான மெல்லிய தோலாகப் படிகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஒரு கிண்ணம் சர்க்கரை ஏறக்குறைய 200 கிராம். அதைப்போல் 300 மடங்கு இனிக்கும் பொருளாயின் முக்கால் கிராமுக்கும் குறைவாகவே வேண்டும். மீதி 199 கிராமின் இடத்தை நிரப்புவது யார் என்பதே பிரச்சினை. 1922இல் டொராண்டோவில் இன்சுலின் நோயாளியின் உடம்பில் ஏறிய பிறகு பத்தியத்தின் கடுமை சிறிது சிறிதாகத் தளர்ந்துவிட்டதால், அந்தப் பிரச்சினையைத் தீர்க்கவேண்டிய அவசரமும் போய்விட்டது.

இதற்கிடையில் தென் அமெரிக்காவில், பராகுவேயின் வடகிழக்கே அமாம்பாய் மலைத்தொடரை அடுத்த பகுதிகளில், குவாரானி மக்கள் ஒரு சிறு பூண்டின் இலையைத் தங்கள் மாதே என்னும் பானத்தில் இட்டு இனிப்பாக்கிக் குடித்துவந்தார்கள். இன்று ஸ்டீவியா என்று உலகம் அழைக்கும் பூண்டு அதுவே. அதைச் சாஸ்திர உலகுக்கு அறிமுகம் செய்தவர் மொய்சேஸ் பெர்த்தோனி. ஃபார்மர் பிறந்த அதே 1857இல் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். அரசாங்கமும் ஆண்டானும் இல்லாத ஓர் உத்தம சமூகத்தை அமைக்கும் கனவோடு 1884இல் தாய், மனைவி, குழந்தைகளுடன் கப்பலேறிய இந்த மனிதர், கடைசியில் பரானா நதிக்கரைக் காட்டில் குடியேறி, அங்கேயே அச்சுயந்திரம் ஒன்றை நிறுவி, அடவியின் நடுவிலிருந்து தம் கிரந்தங்களை வெளியிட்டவர். 1887இலேயே வழிகாட்டிகளான பூர்வகுடியினர் வாயிலாக இந்த இலையைப் பற்றிக் கேள்விப்பட்டும், செடியை நேரில் காண அவருக்கு வாய்க்கவில்லை. கிடைத்த உலர்ந்த துணுக்குகளைக்கொண்டே 1899இல் அதை வருணித்து, இரசாயன சாஸ்திரியான ஒவிதியோ ரெபாவுதி என்ற நண்பரின் பெயரையும் சூட்டினார். ஒரு பாதிரியார் அனுப்பிய உயிருள்ள செடியை ஆராய்ந்த பிறகு 1905இல் அதன் இனத்தைத் திருத்தி இப்போதைய பெயரை நிலைநாட்டினார். ஸ்டீவியா என்பது எஸ்தேவே என்ற பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானிய தாவர சாஸ்திரியை ஞாபகப்படுத்துவது. இவ்வாறு பெயரின் முற்பாதி ஒருவருக்கும் பிற்பாதி மற்றொருவருக்கும் போய்விட, அந்த இலையைத் தலைமுறை தலைமுறையாக மென்று அறிந்திருந்தவர்களுக்குத் தாவரப் பட்டியலில் இடமே இல்லாமற் போயிற்று. அவர்களின் வழிவந்த பாய் தவிதெரா, கயோவா மக்கள் இலையின் வியாபாரத்தில் தங்களுக்குரிய பங்கைக் கோரி வருவது நியாயமென்றே எனக்குத் தோன்றுகிறது. இப்போது அந்தச் செடி மிகுதியாக விளைவது பராகுவேயில் அன்று, சீனத்தில்.

1931இல் பிரிதெல், லவியேல் என்னும் பிரெஞ்சு ரசாயனிகள் இலையின் இனிப்புச் சத்தைப் பிரித்தெடுத்து, அது சர்க்கரையைப்போல் ஏறக்குறைய 300 மடங்கு இனிப்பது என்று மதிப்பிட்டார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் சர்க்கரைத் தட்டுப்பாடு வந்தபோது பிரிட்டிஷார் இந்தச் செடியைப் பற்றி யோசித்து, யுத்தம் முடிந்ததும் மறந்தார்கள். உண்மையில் அதைப் பயன்படுத்திக்கொண்டவர்கள் ஜப்பானியர். செயற்கை இனிப்பான சைக்கிளமேட் 1969இல் தடை செய்யப்பட்ட பின், 1970களின் தொடக்கத்திலிருந்தே அவர்கள் ஊறுகாயிலும் சோயாச் சாற்றிலும் உலர் மீன் பண்டங்களிலும் இந்தச் சாரத்தைச் சேர்க்கலானார்கள். அமெரிக்க அரசாங்கமோ 1991இல் இறக்குமதியைத் தடுத்து, சில ஆண்டுகளில் சத்துப்பொருள் என்ற பெயரில் மட்டும் விட்டுக்கொடுத்து, 2008இன் கடைசியில்தான் தூய்மைப்படுத்திய சாரத்துக்கு ஆட்சேபமில்லை என்றது. ஐரோப்பா 2011இலும், நம் நாடு 2015இலும் அனுமதித்தன.

இடத்தை அடைக்கும் பொருளும் ஜப்பானிலிருந்தே வந்தது. 1848இல் ஜான் ஸ்டென்ஹவுஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பாறைப்பாசியை ஆராய்கையில் கண்ட எரித்ரிடால் என்ற வெண்பொடி நூற்றாண்டுக்கு மேல் ரசாயனப் புத்தகங்களில் உறங்கிக் கிடந்தது. திராட்சையிலும் பேரிக்காயிலும் சிறிதளவு இயற்கையாகவே உள்ள அதை, தானிய மாவிலிருந்து கிடைக்கும் குளுகோஸை ஈஸ்ட் கொண்டு புளிக்கவைத்துப் பெருவாரியாக உற்பத்தி செய்யும் தொழில் 1990இல் ஜப்பானில் ஆரம்பமாயிற்று. பார்வைக்குச் சர்க்கரை, இனிப்பில் அதன் மூன்றில் இரண்டு பங்கு; உடம்போ அதைப் பெரும்பாலும் மாற்றாமலே வெளியேற்றிவிடுகிறது. 2008இல் அமெரிக்காவில் இலைச்சாரமும் இந்தப் பொடியும் கலந்த பொட்டலங்கள் கடைக்கு வந்தபோதுதான், பேவியின் வாதுமைக்கு ஏற்ற துணை கிடைத்து, கிண்ணத்துக்குக் கிண்ணம் அளந்து கொட்டக்கூடிய மாற்றுச் சர்க்கரை கைவசமாயிற்று. குறைந்த மாவுச்சத்து உணவை 1972இல் டாக்டர் அட்கின்ஸ் பிரபலப்படுத்தியிருந்ததால், அதற்கு வாடிக்கைக்காரர்களும் தயாராயிருந்தார்கள்.

அப்படிச் சுட்ட பிரவுனி நன்றாயிருக்கிறதா என்று கேட்டால், முதல் நாள் நன்றாகவே இருக்கும் என்பேன். சாக்லேட்டின் கசப்பு ஸ்டீவியாவின் பின்கசப்பை மறைத்துவிடுவதனால், மற்றக் கேக்குகளைவிடப் பிரவுனிக்கு இந்த மாற்றம் இசைந்து வருகிறது. ஆனால் எரித்ரிடால் தண்ணீரில் சர்க்கரையளவு கரைவதில்லை. ஆறினபின் மறுபடி பளிங்காகி, மறுநாள் பல்லில் நறநறக்கும், கரையும்போது நாக்கில் குளிர்ச்சியும் காட்டும். நன்றாகப் பொடித்துச் சலித்துச் சேர்த்தால் நறநறப்பு குறையும்; குளிர்ச்சி போகாது. சூட்டில் அது செம்மையாக நிறமும் ஏறாது. 1991இல் ஜப்பானின் ககாவா பல்கலைக்கழகத்தில் கென் இசுமோரி வளாகத்து மண்ணிலேயே கண்டெடுத்த நுண்ணுயிரின் நொதியால், பழச்சர்க்கரையிலிருந்து செய்ய வழி பிறந்த அல்லுலோஸ் என்ற அபூர்வச் சர்க்கரை இந்தக் குறைகளை வெகுவாகத் தீர்க்கிறது: கரைகிறது, ஈரம் பிடிக்கிறது, கருகுமளவுக்குக்கூட நிறம் ஏறுகிறது. அமெரிக்காவில் விற்கிறார்கள்.

இவையெல்லாம் ஆரோக்கியத்துக்கு உகந்தவையா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. இரத்தத்தில் எரித்ரிடால் மிகுந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகமாக நேர்வதைக் கிளீவ்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 2023இல் வெளியிட்டார்கள். உடம்பே சிறிதளவு எரித்ரிடாலை உண்டாக்குவதால், உண்டதனால் வந்த தீங்கா என்பது அதனால் மட்டும் தீர்மானமாகவில்லை. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம், எடையைக் குறைப்பதற்காக ஸ்டீவியா முதலிய சர்க்கரையல்லாத இனிப்புகளை உபயோகிக்கவேண்டாம் என்று யோசனை கூறிற்று. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த யோசனை பொருந்தாது என்றும் அந்த அறிக்கையே விலக்குச் சொல்கிறது. ஆகவே பேவி வாதுமையைக் கழுவியது யாருக்காகவோ அவர்களைப் பற்றி நிறுவனம் ஒன்றும் தீர்ப்புச் சொல்லவில்லை. நோயில்லாமல் நாகரிகத்துக்காக அதே பண்டத்தைச் சுட்டுத் தின்கிறவர்களுக்கே எச்சரிக்கை.