பெலபொன்டேயும் உழைப்பாளரின் பாட்டும்

புகழ்பெற்ற பாடகர் ஒருவர் மறைந்ததும், அனைவரும் அறிந்த அவரது பாடல்கள் இரண்டொன்றைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்து அஞ்சலியை முடித்துக்கொள்வது வணிக உலகின் வழக்கம். 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் திகதி ஹரி பெலபொன்டே நியூயோர்க் நகரில் தமது 96ஆவது வயதிற் காலமானபோதும் இவ்வாறே நிகழ்ந்தது. ‘வாழைப்படகுப் பாட்டு’ மீண்டும் ஒலித்தது. ‘கலிப்சோ மன்னர்’ என்ற பட்டம் மீண்டும் சூட்டப்பட்டது. ஆயினும், அதிகம் பேசப்படாது கிடந்த இசைத்தட்டுகளைத் தேடிக் கேட்கும் ஆர்வமும் இத்தகைய வேளையிலேயே பிறக்கிறது. பெலபொன்டேயின் இசைத்தட்டுகளை அவ்வாறு வரிசைப்படுத்திக் கேட்கும்போது, அந்தப் பட்டத்துள் அடங்காத ஒரு வரலாற்றை நாம் காண்கிறோம். உழைக்கும் மக்களின் பாட்டுச் சந்தைக்குச் சென்ற கதையும், அதனைச் சந்தையிலிருந்து மீட்க ஒரு கலைஞர் முயன்ற கதையுமே அவ்வரலாறு.

பெலபொன்டே 1927 மார்ச் 1ஆம் திகதி நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியிற் பிறந்தார். தாயார் ஜமெய்க்காவிலிருந்து வந்து குடியேறியவர். பிறர் வீடுகளிற் பணிசெய்து குடும்பத்தைக் காத்தவர். தந்தையார் கப்பலிற் சமையற்காரர். இளமையிற் சில ஆண்டுகளைப் பெலபொன்டே ஜமெய்க்காவிலேயே கழித்தார். அத்தீவின் அடிமைகள் 1838இல் முழு விடுதலை பெற்றனர். ஆனால் வளமான நிலங்களிற் பெரும்பகுதி தோட்டத்துரைமாரின் கையிலேயே இருந்தது. 1870இல் லொரென்சோ பேக்கர் என்னும் அமெரிக்கக் கப்பற்றலைவர் 160 வாழைக்குலைகளை ஜமெய்க்காவில் ஏற்றிச் சென்று அமெரிக்காவில் விற்று இலாபம் கண்டார். அவர் தொடங்கிவைத்த வாணிபம் 1899இல் யுனைட்டட் புரூட் கம்பனி என்னும் பெருநிறுவனத்துள் ஒன்றாயிற்று. கரும்பு ஆட்டிவைத்த தீவை வாழையும் ஆட்டிவைக்கலாயிற்று.

வாழைப்பழம் விரைவிற் பழுத்து அழுகும் பொருள். ஆகவே கப்பல் வந்ததும் இரவோடிரவாகக் குலைகளை ஏற்றியாக வேண்டும். ஆண்களும் பெண்களும் அவற்றைத் தலையிற் சுமந்து வரிசையாகக் கப்பலை நோக்கி நடப்பர். அவற்றை எண்ணிக் குறிப்பதற்கு ஒருவர் நிற்பார். நமது மலைநாட்டுத் தோட்ட வழக்கிற் கூறுவதாயின், அவர் ஒரு கணக்கப்பிள்ளை. ஒன்பது சீப்புள்ள குலையே முழுக்குலையாகக் கொள்ளப்பட்டது. சீப்புக் குறையக் குறைய அது முக்கால், அரை, கால் என மதிப்பிழந்தது. பொழுது புலர்ந்துவிட்டது, கணக்கை முடித்து எம்மை வீட்டுக்கு அனுப்பு என்று அந்தக் கணக்கப்பிள்ளையிடம் கேட்பதே பாட்டின் பொருள். விடுமுறைக் களிப்பின் அடையாளமாக விற்கப்பட்ட இப்பாட்டு, உண்மையில் இரவு முழுவதும் சுமை தூக்கியவர்களின் கோரிக்கையாகும்.

தொழிலாளரிடையே வாய்மொழியாக வழங்கிய இப்பாட்டை இன்றைய வடிவில் அமைத்தவர் இருவர். ஒருவர் கரிபியன் மரபிற் பிறந்த ஏர்விங் பேர்ஜி. மற்றவர் வில்லியம் அற்றவே. உருக்காலைக் கறுப்பினத் தொழிலாளரைப் பற்றி 1941இல் நாவல் எழுதியவர் இந்த அற்றவே என்பது கவனிக்கத்தக்கது. 1956இல் வெளிவந்த ‘கலிப்சோ’ என்னும் இசைத்தட்டில் இப்பாட்டே முதலாவதாக இடம்பெற்றது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அது 31 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயின.

இவ்வெற்றியுடன் ஒரு திரிபும் பிறந்தது. கலிப்சோ திரினிடாட் தீவுக்குரியது; ஆள்வோரையும் அன்றாட நிகழ்ச்சிகளையும் எள்ளி நகையாடும் பாட்டு மரபு அது. வாழைப்பாட்டோ ஜமெய்க்காவின் நாட்டார் இசையான மென்டோவைச் சார்ந்தது. திரினிடாட்டில் 1956ஆம் ஆண்டின் கலிப்சோ மன்னராகத் தெரிவுசெய்யப்பட்டவர் மைற்றி ஸ்பரோ. பெலபொன்டே தமக்குச் சூட்டப்பட்ட பட்டத்தை விரும்பி ஏற்கவுமில்லை. எனினும், சந்தைக்கு வேண்டியிருந்தது ஒரு தீவும் ஒரு புன்னகையும் மட்டுமே.

சந்தையின் இவ்விருப்பத்துக்கு எதிர்த்திசையிற் பெலபொன்டேயை இழுத்தவர் போல் ரோப்சன். உலக மக்களின் பாடல்களை அவரவர் மொழியிலேயே பாடிய அம்மாபெரும் பாடகரின் கடவுச்சீட்டை அமெரிக்க அரசு 1950இற் பறித்தது. 1958இலேயே அவர் அதனை மீளப்பெற்றார். ரோப்சனைப் பெலபொன்டே வாழ்நாள் முழுவதும் தமது வழிகாட்டியாகப் போற்றினார். அவ்வழியின் விளைவை 1960இல் வெளிவந்த ‘ஸ்விங் டற் ஹமர்’ என்னும் இசைத்தட்டிற் கேட்கிறோம். அமெரிக்கத் தென்மாநிலங்களில், காலிற் சங்கிலி பூட்டப்பட்டு வீதி அமைக்கவும் கல் உடைக்கவும் ஏவப்பட்ட கைதிகளின் பாடல்கள் அவை. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, ஏனையோர் சம்மட்டி விழும் கணத்திற் சேர்ந்து பாடுவர். சட்டத்தில் 1865இல் ஒழிந்த அடிமை முறை, சிறைவாயில் வழியாக எவ்வாறு திரும்பி வந்தது என்பதை இவ்விசைத்தட்டு நமக்குக் கற்பிக்கிறது.

1965இல் தென்னாபிரிக்கப் பாடகி மிரியம் மகேபாவுடன் அவர் வெளியிட்ட இசைத்தட்டு மற்றொரு படியாகும். மகேபாவின் கடவுச்சீட்டை நிறவெறி அரசு 1960இல் இரத்துச் செய்திருந்தது. சுலு, கோசா, சோதோ, சுவாஹிலி ஆகிய மொழிகளின் பாடல்கள் இதில் உள்ளன. ஆங்கிலம் மட்டுமே அறிந்த இரசிகர்களிடம் இவற்றை அவர் துணிந்து எடுத்துச் சென்றார்.

இவை எல்லாவற்றிலும் பெரிய பணி நெடுங்காலம் வெளிவராமலே கிடந்தது. மேற்கு ஆபிரிக்கப் பாடல்கள் முதலாக அடிமைக்காலப் பாடல்கள், தொழிற்பாடல்கள், சமயப்பாடல்கள் ஈறாகக் கறுப்பின மக்களின் இசை வரலாற்றை ஒரே தொகுதியில் அமைக்கும் வேலையைப் பெலபொன்டே 1961இல் ஒலிப்பதிவு செய்யத் தொடங்கினார். பதிவு 1971 வரை நீடித்தது. பெசி ஜோன்ஸ், சொனி டெரி, பிரவுணி மக்கீ போன்ற மக்கட் கலைஞர்கள் அதிற் பாடினர். விடுதலைக்கான நெடும்பாதை என்னும் பொருள்படும் தலைப்புடன், ஐந்து குறுந்தட்டுகளாக அது வெளிவந்த ஆண்டு 2001. வாழைப்பாட்டு ஒரே ஆண்டிற் பெருஞ்செல்வமாயிற்று. ஓர் இனத்தின் இசை வரலாறோ களஞ்சியத்தில் முப்பது ஆண்டுகள் காத்திருந்தது. எது விரைவில் விற்கும் என்பதைச் சந்தை அறியும். எது வேண்டும் என்பதை அது அறியாது.

பெலபொன்டேயிடம் குறை காண்போரும் உளர். மேடைக்காகப் பண்படுத்திய குரலில், கச்சிதமான பின்னணி இசையோடு பாடியதால், உழைப்பாளர் பாட்டின் கரடுமுரடை அவர் மழுங்கச் செய்தார் என்பது அவர்கள் வாதம். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அப்பாட்டால் வந்த பணம் எங்கே சென்றது என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். 1963இற் பேர்மிங்ஹாம் போராட்டத்திற் கைதானோரைப் பிணையில் மீட்கப் பணம் திரட்டியவர் அவர். 1964இல் மிசிசிப்பி மாநிலத்தில் மூன்று சிவில் உரிமைத் தொண்டர்கள் கொல்லப்பட்ட பின்னர், நடிகர் சிட்னி பொய்ட்டியருடன் 70,000 டொலரைத் தாமே கிறீன்வுட் நகருக்குக் கொண்டுசென்றார். இனவெறியர்களின் வாகனங்கள் அன்றிரவு அவர்களைத் துரத்தின. வாழைக்குலை சுமந்தோரின் பாட்டால் வந்த பணம் வாக்குரிமை கேட்டோருக்குச் சென்று சேர்ந்தது.

1960களில் இலங்கையிலும் கலிப்சோ பாணிக் குழுக்கள் தோன்றின. அந்த மெட்டும் கித்தாரும் இங்கு வந்து சேர்ந்தன. குலை சுமந்தவரும் கணக்கப்பிள்ளையும் வந்து சேரவில்லை. ஆயினும் கொழுந்துக் கூடையைத் தராசில் வைத்துவிட்டுக் காத்து நிற்கும் பெண்ணுக்கு அப்பாட்டின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. தோட்டத் தொழிலாளரின் பாடல்களை ஸி. வி. வேலுப்பிள்ளை திரட்டியதும் இதே வகைப் பணிதான். ஆசிரியர்களும் மாணவர்களும் அப்பாடல்களையும் பெலபொன்டேயின் இசைத்தட்டுகளையும் அருகருகே வைத்துக் கேட்பார்களாயின், மறைந்த பாடகருக்கு அதுவே தகுந்த அஞ்சலியாகும். பாட்டை இரசிப்பதோடு, அதில் முடிக்கப்படாதிருக்கும் கூலிக்கணக்கையும் நாம் கேட்டறிதல் வேண்டும்.