கெல்டிரியா கோட்டை – 6: இன்னும் இரண்டாயிரம் பேர்

போன வாரம் பழவேற்காட்டுக்கு வெளியே ஒரு டச்சுக் கப்பலை நங்கூரத்தில் நிறுத்திவிட்டு வந்தேன். என்ன ஏற்றப் போகிறார்கள், துணியா, வெடிமருந்தா என்று கேட்டிருந்தேன். இரண்டும் உண்டு. ஆனால் இந்த முறை அவர்கள் காத்திருந்தது மனிதர்களுக்காக.

காரணம் தெரிய வேண்டுமானால் கிழக்கே வெகுதூரம் போக வேண்டும். 1621, பாண்டாத் தீவுகள். அன்றைய உலகத்துக்கு ஜாதிக்காய் வந்தது அந்தச் சின்னஞ்சிறு தீவுகளிலிருந்துதான். ‘எங்களுக்கு மட்டுமே விற்க வேண்டும்’ என்று டச்சுக் கும்பினி தீவுத் தலைவர்களிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கியிருந்தது. தீவுக்காரர்களோ, அரிசியும் துணியும் கொண்டு வருகிற எவருக்கும் விற்றுப் பழகியவர்கள். ஜாவாக்காரன் வந்தான், விற்றார்கள். இங்கிலீஷ்காரன் வந்தான், அவனுக்கும் விற்றார்கள். ஒப்பந்தத்தை மீறிவிட்டார்கள் என்று சொல்லிப் படையோடு போனார் கவர்னர் ஜெனரல் யான் பீட்டர்ஸூன் கூன். சுமார் 15,000 பேர் வாழ்ந்த தீவுகளில் மிஞ்சியது ஓராயிரம் பேர் அளவுதான். மற்றவர்கள் வெட்டுப்பட்டார்கள், பட்டினியில் செத்தார்கள், பிடித்துப் போகப்பட்டார்கள், தப்பி ஓடினார்கள்.

தோட்டங்கள் கும்பினி கைக்கு வந்துவிட்டன. காய் பறிக்க ஆள்தான் இல்லை.

அந்த நேரத்தில் சோழமண்டலக் கரை எப்படி இருந்தது? 1610இல் டச்சுக்காரர்களுக்குப் பழவேற்காட்டில் இடம் கொடுத்த விஜயநகர மன்னர் வேங்கடபதி 1614இல் இறந்துபோனார். வாரிசுச் சண்டை நாட்டைக் கிழித்தது. போதாக்குறைக்கு 1618லிருந்து மழையும் பொய்த்தது. நெல் விலை ஏற ஏற, ஆள் விலை இறங்கியது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டை வாசலில் கும்பினிக்கு வேண்டிய கூட்டம் தானாகவே சேர்ந்தது.

ஏற்றிய விதத்தைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பாருங்கள். பழவேற்காடு ஏரி ஆழமில்லாதது. முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொள்ளும். பெரிய கப்பல் உள்ளே வராது, கடலிலேயே நிற்கும். கரையிலிருந்து எதை அனுப்பினாலும் சலங்கில்தான் போக வேண்டும். பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது. ஆணி அடித்த படகு அலையில் மோதிப் பிளந்துவிடும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். இந்தக் கரை நெடுக அவற்றை ஓட்டியவர்கள் மீனவர்கள். அலை எப்போது தூக்கும், எப்போது இறக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். வயலையும் ஏரியையும் தவிர வேறெதையும் பார்த்திராத உழவன், மனைவி, பிள்ளைகள் அந்த அலையைத் தாண்டிக் கப்பலின் கயிற்றேணியைப் பிடிக்க வேண்டும். பேரேட்டில் அவர்கள் துணிக் கட்டுகளுக்குப் பக்கத்தில் சரக்காக ஏறினார்கள்.

1622, 1623 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து சுமார் 1,900 பேர் அனுப்பப்பட்டதாக டச்சு ஆவணங்களை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் மார்கஸ் விங்க் எழுதுகிறார். இங்கிருந்த அதிகாரிகளுக்கு அப்போது ஒரு குறை இருந்தது. கையில் பணம் இருந்திருந்தால் இன்னும் இரண்டாயிரம் பேரை வாங்கியிருக்கலாமே என்று மேலிடத்துக்குப் புலம்பியிருக்கிறார்கள். இத்தனை ஆண்டு கழித்துப் படிக்கும்போதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அவர்களுக்கு அது வெறும் முதல் தட்டுப்பாடு.

சரி, கும்பினிக்காரரையே கூண்டில் ஏற்றிக் கேட்போம். என்ன சொல்வார்? ‘நாங்கள் யாரையும் பிடித்து வரவில்லை. அவர்களே வந்தார்கள். வாங்காவிட்டால் செத்திருப்பார்கள். அடிமை வழக்கம் உங்கள் நாட்டில் ஏற்கெனவே உள்ளதுதானே?’

கடைசிக் கேள்விக்கு நாம் தலைகுனிந்துதான் ஆக வேண்டும். 1201ஆம் ஆண்டில், மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், பஞ்சம் தாங்காமல் ஒரு வேளாளர் தன்னையும் தன் இரண்டு மகள்களையும் திருப்பாம்புரம் கோயிலுக்கு 110 காசுக்கு விற்றுக்கொண்டார். கல்வெட்டே சாட்சி. பின்னாளில் நிலத்தோடு சேர்த்து உழுகிற ஆளையும் கைமாற்றிய ஊர்கள் நம்முடையவை. அதற்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் திருப்பாம்புரத்துக்காரர் கடல் தாண்டவில்லை. அவரைச் சுற்றிப் பேசியது அவருடைய மொழி. பாண்டாவுக்கும், ஜாவாவில் கும்பினியின் தலைமையிடமான படாவியாவுக்கும் போனவர்களுக்கு அந்த அளவு ஆறுதல்கூட இல்லை.

கும்பினிக்குச் சட்டப் பலமும் இருந்தது. கடல் எந்த ராஜாவுக்கும் சொந்தமில்லை என்று 1609இல் எழுதி, போர்த்துக்கீசியருக்கு எதிராகக் கும்பினிக்கு வாதாடிக் கொடுத்த சட்ட மேதை ஹ்யூகோ குரோஷியஸ் ஞாபகமிருக்கிறதா? அவரே 1625இல் வெளியிட்ட பெரிய நூலில், ஒருவன் தன்னை விற்றுக்கொள்ளலாம் என்றும், பிழைக்க வேறு வழியில்லாத தகப்பன் பிள்ளையையும் விற்கலாம் என்றும் நியாயம் சொல்லிவிட்டார். பஞ்சத்தில் கொடுத்த சம்மதமும் சம்மதமாகிவிட்டது. பாண்டாவில் கையெழுத்தை இறுகப் பிடித்துக்கொண்டு ஊரையே அழித்தவர்கள், இங்கே ‘ஊர் வழக்கம்’ என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

அவர்கள் சொந்த ஊரில் வழக்கம் என்ன? 1615இலேயே பிரெடெரோ என்ற ஆம்ஸ்டர்டாம் நாடகாசிரியர் ‘மோர்ட்யே’ என்ற நாடகத்தில் ஆள் விற்கும் வியாபாரத்தைத் திட்டித் தீர்த்துவிட்டார். 1644இல் அந்த நகரத்துச் சட்டமே, எங்கள் எல்லைக்குள் இருப்பவர் எல்லோரும் சுதந்திரமானவர்கள், அடிமை கிடையாது என்று எழுதி வைத்தது. இரண்டே ஆண்டு. 1646இல் இந்தக் கரையிலிருந்து படாவியாவுக்குப் போன அடிமைகள் 2,118 பேர். பெரும்பாலோர் தெற்கே, நாயக்கர் கலகத்திலும் பீஜப்பூர்ப் படையெடுப்பிலும் சூறையான ஊர்க்காரர்கள்.

நம்மைப் புரிந்துகொள்ளாமல் செய்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. பழவேற்காட்டில் 1630களில் பாதிரியாக இருந்த ஆபிரகாம் ரோஜரியஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் பொறுமையாகக் கேட்டுக் கேட்டு நம் சடங்குகளை எழுதியவர். பர்த்ருஹரியின் சுலோகங்களை டச்சு மொழிக்குக் கொண்டு போனவரும் அவரே. 1651இல் அந்த நூல் அச்சாகி ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்டது. இந்த மண்ணின் தர்ம சாஸ்திரம் வரை அந்தக் கோட்டைக்குள் தெரிந்திருந்தது. ஆகவே என் தீர்ப்பு: தெரிந்தே செய்தார்கள். விற்றுக் கொடுத்த உள்ளூர்த் தரகர்களும் தெரிந்தேதான் செய்தார்கள்.

மூன்றாவது அலை 1659இல் தொடங்கியது. மறுபடி போர், மறுபடி பஞ்சம். 1661க்குள் நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய இடங்களில் கும்பினி வாங்கியது 8,000 முதல் 10,000 பேர் வரை. பெரும்பகுதி இலங்கைக்குப் போனது.

இன்று கெல்டிரியா இருந்த இடத்தில் புதரும் அகழியும்தான் மிச்சம். பக்கத்து மீனவர் ஊருக்குக் கோட்டைக்குப்பம் என்ற பெயர் இருக்கிறது. பழையகாட் கைலி இன்றும் கடையில் கிடைக்கிறது.

இந்த வியாபாரத்தை இன்னொருவரும் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பழவேற்காட்டில் டச்சுக்காரரோடு ஒத்துப்போக முடியாமல் 1623இல் மூட்டை கட்டிய இங்கிலீஷ்காரர். 1639இல் தெற்கே மதராசப்பட்டினத்தில் இடம் பிடித்தார். 1687 செப்டம்பரில், ஊரெல்லாம் பஞ்சம் தலைவிரித்தாடியபோது, அவருடைய கோட்டைச் சபை கூடி ஒரு தீர்மானம் போட்டது: கப்பலேறும் ஒவ்வோர் அடிமைக்கும் இங்கிலீஷ் கும்பினிக்கு ஒரு வராகன் சுங்கம். மறு ஆண்டே அதே சபை அந்த வியாபாரத்தைத் தடை செய்தது. மனசாட்சி விழித்துக்கொண்டது என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். இடையில் இந்த மண்ணுக்கு எஜமானர் மாறியிருந்தார்.

அந்தச் சபையின் தலைவர் பெயரில் இன்று அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அடுத்த வாரம் அவரைச் சந்திப்போம்.