ஆயிரம் மணித்தியாலக் குமிழ்

நெடுங்காலம் பயன்தந்த ஒரு பொருளை 'நன்றாக உழைத்தது' என்று கூறுவது எமது வழக்கு. பொருளைச் செய்தவனின் உழைப்பே பின்னர் அப்பொருளின் உழைப்பாகத் தொடர்கின்றது என்னும் உண்மை இவ்வழக்கிலே பொதிந்து கிடக்கின்றது. ஓட்டை விழுந்தால் ஒட்டியும், ஈயம் பூசியும் ஒரே வெண்கலப் பாத்திரத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பாவித்த வீடுகளை நாம் அறிவோம். ஆயினும் பழமையைப் பாராட்டி மயங்குவதற்காக நாம் இதனைக் கூறவில்லை. வெண்கலம் வாங்க வசதியிருந்த வீட்டிலேதான் வெண்கலம் உழைத்தது. ஏனையோர் மட்சட்டி உடையுந்தோறும் மட்சட்டியே வாங்கினர்.

நீடித்து உழைக்கும் பொருள்களை எல்லோருக்கும் எட்டும் விலையில் ஆக்கித்தரும் ஆற்றலை முதன்முதலாக மனிதகுலத்துக்கு வழங்கியது இயந்திரத் தொழிலாகும். ஆனால், இலாபத்துக்காகவே உற்பத்தி நிகழும் சமுதாயத்தில் அவ்வாற்றல் ஒரு முரண்பாட்டில் மாட்டிக்கொண்டது. நல்ல பொருளை ஒருமுறை வாங்கியவன் நெடுநாளைக்குக் கடைப்பக்கம் வரமாட்டான். அவன் வராவிடின் தொழிற்சாலை எவ்வாறு இலாபமீட்டும்? இக்கேள்விக்கு முதலாளிகள் கண்ட விடைகளுள் ஒன்றை மின்குமிழின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

1924ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் திகதி உலகின் முன்னணி மின்குமிழ்க் கம்பனிகளின் பிரதிநிதிகள் சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகரிலே கூடினர். ஜேர்மனியின் ஒஸ்ராம், ஒல்லாந்தின் பிலிப்ஸ், பிரான்சின் விளக்குக் கம்பனி, ஹங்கேரியின் துங்ஸ்ராம், ஜப்பானின் தோக்கியோ எலெக்ட்ரிக் முதலியன இணைந்தன. அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக் தன் வெளிநாட்டுக் கிளைகள், பங்குகள் ஆகியவற்றின் வாயிலாகத் தொடர்புகொண்டது. இக்கூட்டுக்கு ஒளிக்கடவுளின் பெயரான 'பீபஸ்' சூட்டப்பட்டது. உலகச் சந்தையைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்வது அதன் முதல் நோக்கம். குமிழின் ஆயுளை 1000 மணித்தியாலமாக வரையறுப்பது மற்றொரு நோக்கம். அதுகாலவரை 1500 முதல் 2000 மணித்தியாலம் வரை எரியும் குமிழ்கள் சந்தையில் இருந்தன என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஒப்பந்தம் தாளில் எழுதப்பட்டதோடு நின்றுவிடவில்லை. அங்கத்துவக் கம்பனிகள் தம் குமிழ்களின் மாதிரிகளைச் சுவிற்சர்லாந்திலிருந்த சோதனைச்சாலைக்கு அனுப்பவேண்டியிருந்தது. குறித்த எல்லைக்கு மேல் எரியும் குமிழைச் செய்த கம்பனி சுவிஸ் பிராங்குகளில் தண்டம் செலுத்தியது. கெட்ட பொருளைச் செய்தவனைத் தண்டிப்பது உலக வழக்கு. இங்கோ நல்ல பொருளைச் செய்தவன் தண்டிக்கப்பட்டான். 1926-27 நிதியாண்டில் 1800 மணித்தியாலமாக இருந்த குமிழின் சராசரி ஆயுள் 1933-34இல் 1205 மணித்தியாலமாகச் சுருங்கியது. ஆயுளைக் குறைப்பதற்கும் அறிவியலாளரின் நுண்ணறிவு தேவைப்பட்டது. மனித அறிவு எதற்குப் பயன்படவேண்டும், எதற்குப் பயன்படுத்தப்பட்டது என்பதை இவ்விடத்தில் நாம் சிந்தித்தல் தகும்.

வரலாற்றை நேர்மையாக நோக்குவோர் மறுபக்க வாதத்தையும் செவிமடுத்தல் வேண்டும். இழையை மிகுதியாகச் சூடாக்கினால் அதே மின்சாரத்துக்குக் கூடிய வெளிச்சம் கிடைக்கும். ஆனால் இழை விரைவில் தேய்ந்து அறும். ஆயுளும் ஒளியும் ஒன்றையொன்று இழுப்பன. கலிபோர்னியாவின் லிவர்மோர் நகரத் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் நூறாண்டுக்கும் மேலாக எரிந்துவந்துள்ள குமிழைப் பலர் சான்றாகக் காட்டுவர். அது தருவதோ மங்கலான ஒளிதான். அவ்வொளியில் மாணாக்கன் பாடம் படிக்க முடியாது. பிரித்தானிய ஏகபோக ஆணைக்குழுவும் 1951இல் வெளியிட்ட தன் அறிக்கையில், 1000 மணித்தியாலம் என்பது ஒரு நடுவழிச் சமரசமாகக் கொள்ளத்தக்கது எனக் கருதியது.

அவ்வாறாயின் பீபஸ் குற்றமற்றதாகிவிடுமா? ஆகாது. 1000 மணித்தியாலம் நல்லதா, 2000 மணித்தியாலம் நல்லதா என்பது எமது முதன்மைக் கேள்வியன்று. அதனைத் தீர்மானித்தவர் யார் என்பதே கேள்வி. மின்சாரம் மலிந்த ஊரில் நீடித்து எரியும் குமிழ் நன்மை தரலாம்; மின்சாரம் விலையேறிய ஊரில் கூடிய ஒளிதரும் குமிழ் நன்மை தரலாம். தெரிவு பாவனையாளனுடையது. அத்தெரிவை மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு சிலர் பறித்தனர். பொதுநலனே நோக்கமாயின் இரகசியம் எதற்கு? தண்டம் எதற்கு?

இக்கூட்டை எதிர்த்து நின்றோரும் இருந்தனர். சுவீடனின் கூட்டுறவு இயக்கம் ஏனைய வடபுல நாடுகளின் கூட்டுறவாளரோடு சேர்ந்து 'லூமா' என்ற தொழிற்சாலையை ஸ்ரொக்ஹோமில் நிறுவியது. பீபஸின் மிரட்டல்களுக்கு அஞ்சாது 1931இல் குமிழ்களைக் குறைந்த விலைக்கு விற்றது. தனித்தனியாக நின்று சாதிக்க இயலாததைப் பாவனையாளர் அமைப்பாகத் திரண்டு சாதித்தனர். 1955 வரை நீடிக்கத் திட்டமிடப்பட்டிருந்த பீபஸ் கூட்டு, இரண்டாம் உலகப் போர் மூண்டதும் குலைந்தது.

கூட்டுக் குலைந்ததாயினும் அதன் பின்னிருந்த எண்ணம் குலையவில்லை. 1932இல், பெருமந்தத்தின் நடுவே, நியூயோர்க்கின் பேர்ணாட் லண்டன் என்பவர் ஒரு சிறுநூல் வெளியிட்டார். ஒவ்வொரு பொருளுக்கும் அரசு ஆயுள் குறிக்கவேண்டும். ஆயுள் முடிந்ததும் பொருள் அழிக்கப்படவேண்டும். அப்போது தொழிற்சாலைகள் மீண்டும் இயங்கி வேலையில்லாதோர்க்கு வேலை கிடைக்கும் என்பது அவரது யோசனை. அவர் கெட்ட எண்ணத்தால் இதனை எழுதினாரல்லர். களஞ்சியம் நிறைந்திருக்க மக்கள் பட்டினி கிடந்த விந்தைக்கு அவர் மருந்து தேடினார். மக்களுக்குப் பொருளைப் பகிர்ந்தளிப்பதிலும் பொருளை அழிப்பதே எளிதெனத் தோன்றும் ஒரு பொருளாதார முறையின் நோயையே அவரது மருந்து காட்டிக்கொடுக்கின்றது.

இன்று அந்நோய் உலகளாவியது. 2022ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்சாதனக் கழிவு சேர்ந்ததாக ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகின்றது. அதில் நான்கிலொரு பங்கேனும் முறையாக மீட்டெடுக்கப்படவில்லை. எதிர்ப்பும் ஆங்காங்கே சட்டவடிவம் பெற்றுள்ளது. வேண்டுமென்றே பொருளின் ஆயுளைக் குறைப்பதை 2015இல் பிரான்ஸ் குற்றமாக்கியது. திருத்துவித்துப் பாவிக்கும் உரிமையை ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நெறிமுறையாக்கியது.

'மலிவானதை விட்டு, உழைப்பதைப் பார்த்து வாங்குங்கள்' என்று எமக்கு அறிவுரை கூறப்படுகின்றது. அறிவுரை நல்லதே, இயன்றவர் கைக்கொள்ளட்டும். ஆனால், அன்றாடக் கூலியில் வாழ்பவன் தன் பிள்ளைக்கு மலிவான சப்பாத்தை வாங்குவது அறியாமையால் அன்று. நல்ல சப்பாத்துக்கு வேண்டிய முழுப்பணம் ஒருநாளும் அவன் கையில் ஒருசேர இருப்பதில்லை. ஆகையால் ஆண்டுக்கு இருமுறை வாங்கி, ஈற்றில் வசதியுள்ளவனிலும் கூடுதலாகவே செலவழிக்கின்றான். அவனுக்குச் சிக்கனம் போதிப்பது கொடுமையாகும்.

பொருளின் ஆயுள் பொருளின்மேல் எழுதப்படவேண்டும். திருத்துவதற்கான உதிரிப்பாகம் கிடைக்கவேண்டும். செய்பவனும் பாவிப்பவனும் கலந்து அதன் தரத்தைத் தீர்மானிக்கவேண்டும். வெண்கலப் பாத்திரத்தின் நீடித்த உழைப்பு மட்சட்டி வாங்கியவன் வீட்டுக்கும் வந்துசேர்வது அப்போதுதான். எத்துணைக் காலம் ஒரு குமிழ் எரியவேண்டுமென்பதை அதன் ஒளியில் வாழ்வோரே முடிவுசெய்தல் வேண்டும்.