'நறுமுகையே' பாடலுக்குள் பாரி மகளிரின் கண்ணீர்

1997-ஆம் ஆண்டு வெளிவந்த 'இருவர்' படத்தின் 'நறுமுகையே' பாடலைக் கேட்காத தமிழ் நேயர்கள் குறைவு. ஏ.ஆர். ரஹ்மான் இசையில், கவிஞர் வைரமுத்துவின் வரிகளை உன்னிகிருஷ்ணனும் பாம்பே ஜெயஸ்ரீயும் பாடினர். திருமண விருந்துகளிலும் கலை நிகழ்ச்சிகளிலும் அது காதல் பாட்டாகவே ஒலிக்கிறது. அதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால், பல்லவியில் வரும் அந்த நிலவு காதலர்களின் நிலவு அன்று. தந்தையையும் மலையையும் ஒருசேரப் பறிகொடுத்த இரு பெண்களின் நிலவு அது.

பாடலில், அரச குளத்தில் நிலவொளியில் நீராடியவள் நீதானா என்று ஆண் கேட்கிறான். அப்போது ஒரே ஒரு பார்வை பார்த்தவன் நீதானா என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். இந்தக் கேள்விகளுக்கு முன்னால் வரும் நிலவுத் தொடர் புறநானூற்றின் 112-ஆம் பாட்டின் தொடக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது. அந்தப் பாட்டு மொத்தமே ஐந்து அடிதான். பாடியவர்கள் பாரி மகளிர். திணை பொதுவியல், துறை கையறுநிலை. அதாவது, உரியவர் இறந்தபின் செய்வதறியாது புலம்புவது.

அதன் பொருள் எளிது. சென்ற மாதம் இதே வெண்ணிலவு காய்ந்தபோது தந்தை உடனிருந்தார், மலையும் நம்முடையதாக இருந்தது. இந்த மாத நிலவில் பகையரசர் வென்றுவிட்டனர், மலையும் போயிற்று, தந்தையும் இல்லை. 'திங்கள்' என்ற சொல்லுக்கு நிலவு என்றும் பொருள், மாதம் என்றும் பொருள். 'அற்றை' என்றால் அன்றைய. 'இற்றை' என்றால் இன்றைய. ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் இடையில் ஒரு குடும்பமே அழிந்ததை இவ்விரு சொற்களே சொல்லிவிடுகின்றன. திரைப்பாடல் 'அற்றை'யை மட்டும் எடுத்துக்கொண்டது, 'இற்றை'யை விட்டுவிட்டது.

முல்லைக்குத் தேர் கொடுத்தவன் என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த பாரி, பறம்பு மலையின் தலைவன். அம்மலை இன்று சிவகங்கை மாவட்டத்தில் பிரான்மலை என்று வழங்குகிறது. சேர, சோழ, பாண்டியர் மூவரும் சேர்ந்து அதை முற்றுகையிட்டனர். அப்போது பாரியின் நண்பர் கபிலர் அவர்களைப் பார்த்துச் சொன்னவை புறநானூற்றில் 109, 110-ஆம் பாட்டுகளாக உள்ளன. மூங்கில் நெல், பலா, வள்ளிக் கிழங்கு, தேன் என உழாமலே விளையும் நான்கு பொருள்கள் இம்மலையில் உண்டு. ஆகவே பட்டினி போட்டு இதைப் பிடிக்க முடியாது. பறம்பு நாட்டின் 300 ஊர்களையும் பாரி ஏற்கெனவே இரவலர்க்குக் கொடுத்துவிட்டான். வேண்டுமானால் நீங்களும் யாழெடுத்துப் பாடி வாருங்கள், மலையையும் தருவான் என்றார் கபிலர். மூன்று பேரரசர்களின் முகத்துக்கு நேரே இப்படிக் கேலி பேச எத்தனை துணிவு வேண்டும்!

இருந்தும் பாரி மாண்டான். பெண்கள் இருவரையும் கபிலர் அழைத்துக்கொண்டு வெளியேறினார். அவர் பாடிய 116-ஆம் பாட்டு நெஞ்சை அறுக்கும். ஒரு காலத்தில் மலைமேல் நின்று, படையெடுத்து வந்த வேந்தர்களின் குதிரைகளை எண்ணி விளையாடியவர்கள் இந்தப் பெண்கள். இப்போது ஒரு சிறுவீட்டருகே குப்பைமேட்டில் ஏறி, உப்பு வணிகரின் வண்டிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். எண்ணும் பழக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

பாடலின் சரணத்தில் இன்னொரு சங்கப் பாட்டும் உண்டு. குறுந்தொகையின் 40-ஆம் பாட்டு அது. பெற்றோர் ஒருவரையொருவர் அறியார், நாமும் முன்பின் பழகியதில்லை, ஆயினும் செம்மண்ணில் விழுந்த மழைநீராக மனங்கள் கலந்துவிட்டன என்கிறான் தலைவன். அந்த உவமையாலேயே புலவருக்குச் செம்புலப்பெயனீரார் என்று பெயர் நிலைத்துவிட்டது. இது அகப்பாட்டு, காதல் பாடலுக்கு இயல்பாகவே பொருந்துகிறது. புறப்பாட்டான 112 அப்படியன்று. அகமும் புறமும் ஒரே மெட்டில் அருகருகே அமர்ந்திருப்பதை இசையின் இனிமை மறைத்துவிடுகிறது. இதில் இன்னொரு வியப்பும் உண்டு. பாடலில் நாயகியின் மனம் பசலை கொள்வது ஒரு பாண்டி நாட்டானைக் கண்டு. பாரியின் மலையைச் சூழ்ந்த மூவரில் பாண்டியனும் ஒருவன்!

கவிஞரைக் குறை சொல்வதற்கில்லை. புறநானூற்றை உ.வே. சாமிநாதையர் 1894-இல் பதிப்பித்தார். அதற்கு நூறாண்டுக்குப் பின்னும் அந்நூலைப் புரட்டாத பலரின் நாவில் அதன் ஒரு தொடரைத் தவழவிட்டது இந்தப் பாடல்தான். சினிமா எப்போதும் இவ்வளவு மரியாதையுடன் நடந்துகொள்வதில்லை. பாரி மகளிரின் பெயர்களைப் புறநானூறு சொல்லவில்லை. அங்கவை, சங்கவை என்பவை பிற்கால வழக்கு. 2007-இல் வந்த 'சிவாஜி' படத்தில் அந்தப் பெயர்கள் இரு பெண்களின் நிறத்தை வைத்துச் செய்த கேலிக்குப் பயன்பட்டன. தமிழ் ஆர்வலர்கள் மனம் புண்பட்டதில் வியப்பில்லை.

பெண்களை மணந்துகொள்ளுமாறு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் கபிலர் கேட்டார். இருவருமே ஏற்கவில்லை. மூவேந்தரைப் பகைத்தவனின் பெண்களை ஏற்க யாருக்குத் துணிவு வரும்? அதன்பின் நடந்ததற்குக் கல்லில் ஒரு சான்று கிடைக்கிறது. திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. பாரியின் பெண்ணை மலையனுக்குக் கொடுத்துவிட்டு, பெண்ணையாற்றின் நடுவே கபிலர் தீப்புகுந்தார் என்று அது கூறுகிறது. ஆற்றுக்குள் நிற்கும் அந்தப் பாறைக்குக் கபிலர் குன்று என்று பெயர். கல்வெட்டு ஒரு பெண்ணைத்தான் குறிப்பிடுகிறது. இன்னொருத்தியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.