ஊர் முற்றத்துப் பாதுகாவலர்: திருக்காவலூர் முதல் அந்தமான் வரை

முன்னுரை

கத்தோலிக்கச் சிற்றூர்களில் தேவாலயத்தினுள் பீடத்தில் அமைந்த சுரூபம் ஒன்று. வெளியே முற்றத்திலோ கெபியிலோ நிற்கும் சுரூபம் மற்றொன்று. உருவம் ஒன்றாயினும் இவ்விரண்டின் பணி ஒன்றன்று. உள்ளிருப்பது திருப்பலி முதலிய வழிபாட்டு ஒழுங்கைச் சார்ந்தது. வெளியே நிற்பது ஊரைச் சார்ந்தது. கதவு அடைத்த பின்னரும் அதன்முன் மெழுகுதிரி எரியும்; பிற சமயத்தாரும் தயக்கமின்றி அணுகுவர். இவ்வெளிச் சுரூபத்தைத் தமிழ் மரபு 'காவல்' என்னும் கருத்தோடு இணைத்துக் கண்டது என்பதையும், பல மொழியினர் கூடி வாழும் அந்தமான் நிக்கோபார் தீவுகளில் அக்கருத்து பெறும் பொருளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்கள் காட்டும் சான்று

தமிழ்க் கத்தோலிக்கர் புனிதரின் உருவத்தை 'விக்கிரகம்' என்பதில்லை, 'சுரூபம்' என்பர். தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புகளில் விக்கிரகம் என்பது விலக்கத்தக்க வழிபாட்டுப் பொருளைக் குறித்தமையால், வேறொரு சொல் இன்றியமையாததாயிற்று. இதன் பின்புலத்தில் கோட்பாடு ஒன்றும் உண்டு. கி.பி. 787இல் கூடிய இரண்டாம் நிசேயாப் பொதுச்சங்கம், கடவுளுக்கே உரிய ஆராதனையையும் படிமங்களுக்குச் செலுத்தும் வணக்கத்தையும் வேறுபடுத்தியது. 1563இல் திரெந்துப் பொதுச்சங்கம் இதனை மீண்டும் வலியுறுத்தியது.

குகையைக் குறிக்கும் 'கெபி' என்னும் சொல் விவிலியத் தமிழில் பயின்று வருவது. பிரான்சு நாட்டு லூர்து நகரில் 1858இல் மரியன்னையின் காட்சி நிகழ்ந்ததாகக் கூறப்படும் பாறைக்குகையைப் பின்பற்றித் தேவாலய முற்றங்களில் செயற்கைக் குகைகள் எழுந்தபோது, இச்சொல் கட்டடப் பெயராகவும் நிலைபெற்றது.

புனிதர் பெயர்களும் கருதத்தக்கன. 'சிறியவர்' எனப் பொருள்படும் இலத்தீன் 'பவுலுஸ்' சின்னப்பர் ஆயிற்று. 'முடி' எனப் பொருள்படும் கிரேக்க 'ஸ்தெபனோஸ்' முடியப்பர் ஆயிற்று. சந்தியாகப்பர், சூசையப்பர், அருளப்பர் என வரும் பெயர்களின் ஈற்றில் நிற்கும் 'அப்பர்' என்பது உறவுமுறைச் சொல். அயல்நாட்டுப் புனிதர் இவ்வாறு ஊரின் மூத்தவராக ஏற்கப்பெற்றார். 'பாதுகாவலர்' என்னும் பொதுப்பெயர் அவ்வுறவின் கடமையைச் சுட்டுகிறது.

காவலும் ஊரும்

இக்கருத்தை இலக்கியத்தில் நிலைநாட்டியவர் வீரமாமுனிவர் (1680–1747). கொள்ளிடத்தின் வடபால் உள்ள ஏலாக்குறிச்சியில் அவர் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எடுத்து, அவ்வூருக்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டார். திருக்காவலூர்க் கலம்பகமும் பாடினார். காவல், ஊர் என்னும் இரு சொற்களின் புணர்ச்சியே அப்பெயர். சுரூபம் கோயிலுக்குரியது என்ற நிலையிலிருந்து, ஊரே சுரூபத்தின் காவலுக்குரியது என்ற நிலைக்குக் கருத்து நகர்வதை இங்குக் காண்கிறோம்.

கோணான்குப்பத்துப் பெரியநாயகி மாதா மற்றொரு சான்று. தமிழ்ப் பெண்ணின் உடையில் அமைந்த அச்சுரூபத்தை முனிவர் மணிலாவில் செய்வித்தார் என்பது வழிவழிச் செய்தி. அதே வட்டாரத்து விருத்தாசலம் சிவன்கோயிலில் விருத்தாம்பிகைக்கும் பெரியநாயகி என்பதே பெயர். மக்கள் அறிந்த பெயராலேயே புதிய பாதுகாவலி அழைக்கப்பெற்றார்.

தீவுகளில் ஊர் உருவான முறை

முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் 'மாநக்கவாரம்' எனக் குறிக்கப்பெறும் நிக்கோபார், தமிழறிஞர்க்குப் புதிதன்று. எனினும் அந்தமானில் இன்றுள்ள ஊர்களுட் பெரும்பாலானவை, லூர்துக் காட்சி நிகழ்ந்ததாகக் கூறப்படும் அதே 1858இல் ஆங்கிலேயர் நிறுவிய கைதிக் குடியிருப்பின் பின்னர்த் தோன்றியவை. 1918 முதல் காடு திருத்தும் பணிக்கு இராஞ்சிக் கத்தோலிக்கத் தொழிலாளர் அமைப்பின் வழி ஓராவோன், முண்டா, கடியா மக்கள் அழைத்து வரப்பெற்றனர். இத்தீவுகளின் கத்தோலிக்கச் சமூகத்தில் இவர்களே வலிமையான பிரிவினர். 1984இல் அமைந்த போர்ட் பிளேர் மறைமாவட்டம் இராஞ்சி உயர்மறைமாவட்டத்திலிருந்தே பிரிக்கப்பெற்றது. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாத்திரி ஒப்பந்தத்தின் விளைவாக இலங்கையிலிருந்து திரும்பிய தமிழருள் ஒரு பகுதியினர் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பெற்றனர். கார் நிக்கோபாரில் ஆயர் ஜான் ரிச்சர்ட்சனின் பணியால் வேரூன்றிய ஆங்கிலிக்கன் மரபு இவற்றினின்றும் வேறானது.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. அவருள் கிறித்தவர் ஏறத்தாழ 21 விழுக்காட்டினர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர்.

மூவகைக் காவல் மரபு

இம்மக்கள் ஒவ்வொருவரும் காவல் பற்றிய தத்தம் நினைவோடு வந்தவர்கள். தமிழர்க்கு ஊரெல்லையில் ஐயனார் உண்டு. சோட்டா நாகபுரிப் பழங்குடியினர்க்குச் 'சர்னா' எனப்படும் புனிதத் தோப்பு உண்டு. தொல்குடியினரான நடு நிக்கோபார் மக்கள், நோய் தரும் ஆவிகளை விரட்ட 'கரேயவ்' எனப்படும் மரவுருவங்களை வீட்டில் நிறுத்தினர்.

இவற்றைக் கொண்டு பாதுகாவலர் சுரூபம் பழைய தெய்வத்தின் மறுவடிவமே என முடிவுகட்டல் பொருந்தாது. ஐயனார் தம் ஆற்றலால் காப்பவர். புனிதரோ இறைவனிடம் பரிந்து பேசுபவர். ஆயினும் திறந்த வெளியில் நின்று ஊரை நோக்கும் உருவத்தின் பொருளை உணர, இம்மூவர்க்கும் தனி விளக்கம் வேண்டியதில்லை. உள்ளே நிகழும் வழிபாட்டிற்கு ஒரு மொழி தேவை. வெளியே நிற்கும் சுரூபத்தின்முன் மொழி தேவையில்லை.

மறைமாவட்டப் பேராலயம் 'ஸ்டெல்லா மாரிஸ்', அதாவது 'கடலின் விண்மீன்', என்னும் மரியன்னையின் பெயர் தாங்குவதும் இங்கு எண்ணத்தக்கது. அது எந்தவொரு குழுவினரின் சொந்த ஊர்ப் பாதுகாவலர் பெயருமன்று. கடல் கடந்து வந்த அனைவர்க்கும் பொதுவானது. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையில் கச்சால் உள்ளிட்ட தீவுகள் பேரிழப்புக்குள்ளாயின. அதன்பின், கடலிலிருந்து காத்தல் என்னும் வேண்டுதல் வெறும் மரபுச் சொல்லாக நிற்க இயலாது.

முடிவுரை

வெளிச் சுரூபம் ஊரின் காவலைக் குறிப்பது என்பதைச் சொற்களும் திருக்காவலூர்ப் பெயரும் உறுதிசெய்கின்றன. தமிழகத்தில் ஊர் முன்னரே இருந்தது; பாதுகாவலர் பின்னர் வந்தார். தீவுகளிலோ பல நிலத்தார் ஓர் ஊராராக ஒன்றுபடும்போதே பாதுகாவலரும் உடன் நிற்கிறார். ஆகவே அங்குள்ள சுரூபங்களைக் கலைப்பொருளாக மட்டும் நோக்குதல் போதாது. அவற்றின் பீடங்களில் எம்மொழியில் எவர் பெயர் பொறிக்கப்பெற்றுள்ளது, கெபி, சுரூபம், பாதுகாவலர் ஆகிய சொற்களை இளந்தலைமுறை இன்னும் வழங்குகிறதா என்பன தொகுக்கப்பெறுதல் வேண்டும். புலம்பெயர்ந்தோர் மொழியில் முதலில் மறைவன இத்தகைய ஊர்ச்சொற்களே. முதிய தலைமுறை உள்ளபோதே அவற்றைப் பதிவுசெய்தல் தமிழாய்வின் கடமையாகும்.